மிதந்த போசி

"பாத்துக்கிட்டே இருங்க. இன்னிக்கும் அந்தப் பொம்பள போசியத் தூக்கிக்கிட்டு புதருக்கு அந்தாண்ட போயிடும்," என்றாள் சசிகலா.

அந்தப் பொம்பள ராமக்கா. நல்லம்பள்ளிப் பக்கத்து ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடக்கிறது. முள் வெட்டும் பெண்கள் மத்தியானமானால் வட்டமாக உட்கார்ந்து, இவள் குழம்பு அவளுக்கு, அவள் பொரியல் இவளுக்கு என்று பகிர்ந்துகொள்வார்கள். ராமக்கா மட்டும் தன் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு தனியாகப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு, வாயைத் துடைத்தபடி திரும்பி வருவாள்.

"எம்பொண்ணு சடங்குக்கு ஊருக்கே எவர்சில்வர் தூக்குப் போசி குடுத்தவ நான். அதுலதான் அவங்களும் கொண்டாராங்க. ஒரு நாளாவது, ஒரு வாய் களி வேணுமான்னு கேட்டிருப்பாங்களா?" என்றாள் சசிகலா.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று ஒத்து ஊதினாள் நிர்மலா.

எறும்புக்கும் நாய்க்கும் பயந்து எல்லார் போசியையும் ஒரே இடத்தில் மாட்டி வைப்பது அங்கே வழக்கம். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்த வேலமரக் கிளைதான் அந்த இடம். வேலைக்கு ஆள் கூடக் கூடப் போசியும் கூடியது. கிளை மட்டும் அதே கிளை.

படார்!

"ஐயய்யோ! போசி! போசி!"

கத்தியையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு மொத்தக் கும்பலும் ஓடியது. வேலையில் ஒருநாளும் யாரும் அந்த வேகத்தைக் காட்டியதில்லை. அதற்குள் முறிந்த கிளையோடு தண்ணீரில் விழுந்த போசிகள் ஒவ்வொன்றாக முங்கிவிட்டன.

"போச்சு! எங்களி போச்சு!"

"எங்கருவாட்டுக் கொழம்பு!"

"அங்க பாருங்கடி! ஒண்ணு மட்டும் மிதக்குது!"

ஆமாம். ஒரே ஒரு போசி. காற்று தள்ள, ஜம்மென்று ஏரி நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாருது? யாருது?"

"பச்சைத் துணி கட்டியிருக்குது. ராமக்காவுது!"

அந்தக் கும்பலில் ஒரே ஆம்பளையான முருகேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். இடுப்பளவுதான் ஆழம். சேற்றைக் காலால் துழாவினான்.

"தட்டுது! தட்டுது!"

ஒவ்வொரு போசி மேலே வரும்போதும் கரையில் கைதட்டல், விசில். மூடியைத் திறந்து பார்த்தால் களி அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கிணற்றில் விழுந்த நகை கிடைத்த மாதிரி ஆளாளுக்குக் குதித்தார்கள்.

சசிகலாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"எல்லாம் ஒரே கடை, ஒரே சைசு. நானே பொறுக்கி எடுத்தது. மூடியும் அவ்வளோ டைட்டு. நம்முது பூரா முங்கிருச்சு, அவங்களுது மட்டும் எப்படி மிதக்குது?"

"இதென்ன அதிசயம்?" என்று சிரித்தாள் வருகைப் பதிவு எடுக்கும் அமுதவல்லி. "நீங்க கேணியில கொடம் வுட்டதே இல்லையா? வெறுங்கொடம் ஆடிக்கிட்டே மிதக்கும். தண்ணி ரொம்பிச்சுன்னா தானா உள்ள போயிடும். போசியும் அப்படித்தான். உள்ள களி இருந்தா முங்கும். வெறும் காத்து இருந்தா…"

அவள் முடிக்கவில்லை. எல்லாருமே ராமக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராமக்கா தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். "முருகேசு, அத வுட்டுருப்பா! போனாப் போவுது!"

அவன் அதற்குள் எட்டிப் பிடித்துவிட்டான். தூக்கியதுமே அவன் முகம் மாறியது. கரைக்கு வந்து மூடியைத் திறந்தான். கழுவித் துடைத்து வைத்த போசி. உள்ளே ஒன்றுமே இல்லை.

சற்று முன்பு விசிலடித்தவர்களுக்கே பாவமாக இருந்தது.

"ஏங்க்கா, வூட்ல கஷ்டமா?" என்றாள் அமுதவல்லி.

"கஷ்டமெல்லாம் இல்லம்மா. காலையில ஆக்கி எடுத்துக்கிட்டுத்தான் கெளம்பறேன். வழியில ஒரு வயசான அம்மாவுக்குக் குடுத்துடுவேன். அதோட மருமவ அடுப்படியப் பூட்டி சாவிய எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிடுது. பாதி குடுத்துட்டு மீதியக் கொண்டாரலாம்னுதான் நெனப்பேன். அந்தம்மா அவசர அவசரமா சாப்புடறதப் பாத்தா மனசு வரமாட்டேங்குது. நான் தண்ணியக் குடிச்சிட்டு வந்துடுவேன். யாராவது கேட்டா அந்தம்மா பேரு வெளிய வந்துடுமேன்னுதான் தனியா உக்காந்துக்கறது."

நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் போசியை அப்படியே ராமக்கா கையில் திணித்தாள்.

சசிகலாவுக்கோ ஆவேசமே வந்துவிட்டது.

"ஏங்க்கா, உங்களப் போய் கஞ்சம்னு சொன்னேனே! மொதல்ல அந்த மருமவ யாருன்னு சொல்லுங்க. அவளெல்லாம் ஒரு பொம்பளயா? வயசானவங்களப் பட்டினி போட்டுட்டு அவளுக்கு எப்படிச் சோறு எறங்குது?"

"வேணாம், வுடு சசி."

"வுட மாட்டேன்! பேரச் சொல்லுங்க. வேலை வுட்டதும் எல்லாரும் அவ வூட்டுக்கே போவோம். நடுத்தெருவுல நிக்க வெச்சு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நான் கேக்கறேன்!"

"ஆமா, சொல்லுங்க்கா! சொல்லுங்க!" என்று கூட்டமே கொதித்தது.

ராமக்கா சசிகலாவின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தாள்.

"சத்தம் போடாத சசி. உங்க மாமியாருக்குத்தான்."