சாட்சிக் கையெழுத்து

நாகர்கோவிலில் பார்த்த மூன்றாவது வீடும் கைநழுவிப் போனது. வாடகைக்குத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், முப்ஷிராவின் பெயரைக் கேட்டதும், "உங்க ஆட்களுக்குக் குடுக்கதில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்ஷிரா ஜமாஅத் இளைஞர் மையத்தின் பொறுப்பாளர். போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் ஆறு பெண்களுக்காகத்தான் வீடு தேடினாள். திங்கள்கிழமை வகுப்பு தொடங்குகிறது.

தெருவில் நின்றபடியே கலெக்டருக்கு மனு எழுதி, வீடு காட்ட உடன் வந்திருந்த தரகர் ராஜனிடம் நீட்டினாள்.

"அண்ணே, அவரு சொன்னத நீங்களும் கேட்டீங்கல்லா? சாட்சிக் கையெழுத்து போடுங்க."

"என்னைய விட்டுரு மக்கா. எனக்க பொழப்பே இதுதான்."

"பேரைக் கேட்டதும் யாராவது உங்க மூஞ்சியில கதவைச் சாத்தியிருக்காவளா? எங்க வேதனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராஜன் மனுவை வாங்கி, ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்திட்டார்.

அதைப் படித்த முப்ஷிரா திகைத்தாள். "முஹம்மது ஷரீஃப்? யாருண்ணே இது?"

"நான்தான். சொந்தப் பேருல தொழில் பாத்தப்ப ஒருத்தரும் வீட்டுச் சாவிய நம்பித் தரல. பன்னிரண்டு வருஷமா ராஜனா இருக்கேன்."

முப்ஷிராவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம்ணே. நான் வேற தாள்ல எழுதிக்கிடுதேன்."

"இருக்கட்டும் மக்கா" என்றவர், பையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "இதையெல்லாம் இன்னைக்கே திருப்பிக் குடுத்துருதேன். வீட்டுக்காரங்களே வந்து கேக்கதுக்கு முன்னால."