விழும் குதிரை

கடைசிச் சுற்றில் அக்காவும் தங்கையுமே எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. ஜெயிப்பவள் மாநில அணிக்குப் போவாள். அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடும் தேன்மொழிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் வெள்ளைக் காய்களோடு அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தங்கை அமுதினியின் விரல் தன் கறுப்புக் குதிரையின் தலையில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற நடுவர் குனிந்தார்.

"தொட்ட காயைத்தான் நகர்த்தணும் பாப்பா."

"பழக்கம் சார். எங்க வீட்ல குதிரைக்கு அடி உடைஞ்சிருக்கும். பிடிக்கலைன்னா விழுந்துடும்."

"இது விழாது. நகர்த்து."

அமுதினி நகர்த்தினாள். குதிரையின் மறைவில் இருந்த ராணி இப்போது வெட்டவெளியில் நின்றது. தேன்மொழியின் மந்திரி அதை அப்படியே வெட்டிவிடலாம்.

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். காலையில் அவளே பின்னிவிட்ட இரட்டைச் சடைதான் தெரிந்தது. அமுதினி அவ்வளவு அக்கறையாகத் தாளில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று வருடமாக இருவரும் ஆடும் அந்த ஒற்றைப் பலகையில் அடி உடைந்தது வெள்ளைக் குதிரை. கறுப்புகள் இரண்டும் கல் மாதிரி நிற்கும்.

"கழுதை," என்றாள் தேன்மொழி, உதடு மட்டும் அசைய.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அது மந்திரியைத் தாண்டிப் போய், தன் வெள்ளைக் குதிரையின் தலையை மெல்லப் பிடித்துக்கொண்டது.

"எனக்கும் பழக்கம் சார்."