தேயிலைப் பெட்டியின் மூடி

சீமையிலிருந்து வரவேண்டிய வண்ணக் காகிதம் கப்பலோடு தாமதமாகவே, கலெக்டரின் மனைவியான துரைசானி, கணவரின் அலுவலகமான கச்சேரியில் கழித்துப்போட்ட தாள்களைக் கேட்டு வாங்கினாள். ஆயா சவரியாயி அவற்றைக் கட்டுக்கட்டாக வைத்து நாடா அகலத்தில் நறுக்கித் தருவாள். துரைசானி ஒவ்வொரு நாடாவையும் இறகின் நுனியில் சுருட்டி, இதழாகக் கிள்ளி, தேயிலைப் பெட்டியின் மூடியில் ஒட்டுவாள். பழைய மை இதழ்களுக்கு நிழல் தருகிறதென்று அவளுக்குப் பெருமை.

சிறையிலிருக்கும் கணவன் மதலைமுத்துவை விடுவிக்கக் கோரிச் சவரியாயி மனுக் கொடுத்து ஐந்து மாதமாயிற்று. கேட்கும்போதெல்லாம் பட்லர் ஞானாதிக்கம், "துரை படிச்சிக்கிட்டிருக்காருட்டி. உன் புருசன் எங்க ஓடிரப்போறான்?" என்று சிரிப்பார்.

அன்று மூடியைத் துடைக்கும்போது நடு ரோஜாவின் இதழொன்றில் கைநாட்டின் ஒரு கீற்றுத் தெரிந்தது. அதன் குறுக்கே அரிவாள் வெட்டின் வெள்ளைக் கோடு. சவரியாயி தழும்பிருந்த தன் கட்டைவிரலை அருகே வைத்துப் பார்த்தாள். அந்த மனுவில் பதிந்ததும் இந்த விரல். அதை நறுக்கியதும் இதே விரல். அவள் அந்த இதழைப் பெயர்த்துப் பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள்.

ஞானாதிக்கம் பதறி ஓடிவந்தார். "ஏட்டி, கிறுக்கா உனக்கு? துரைசானி மூணு மாசமாச் செஞ்சது."

சவரியாயி நிமிரவில்லை. பிரித்த நாடாக்களைப் அருகருகே வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"துரை இன்னும் படிச்சு முடிக்கலேல்ல, பட்லரய்யா? அந்தப் பசைக் கிண்ணத்த இப்படித் தள்ளுங்க."