மணிக்கு ஆயிரத்து நூறு

"நான் கணக்கு முடிக்கிற வரைக்கும் டிராக்டர் ஷெட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, சொல்லிட்டேன்!"

கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே உறுமினார் கணக்குப்புலி. பண்ணை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் அது. அவர்கள் கிண்டலாக வைத்ததை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"மழை பெஞ்சு ரெண்டு நாள் ஆச்சுங்க. மண்ணுல ஈரம் இருக்கும்போதே உழுதாத்தானே விதைக்க முடியும்?" என்றாள் மனைவி.

"ஈரம் எங்க போயிடப் போகுது?"

"காஞ்சு போயிடும்ங்க."

"காயட்டும். வண்டி ஓடினா மணிக்கு எவ்வளவு செலவுன்னு தெரியாம ஓட்டுறவன் விவசாயி இல்ல, விளையாட்டுப் பிள்ளை."

மனைவியின் முகம் சுண்டிப்போனது. காரணம் இருந்தது. போன மாதம் இப்படித்தான் லாரிக்குக் கணக்குப் போட்டார். மறுவாரம் லாரி அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது. இப்போது டிராக்டரின் முறை.

டீசல், ஆயில், டயர் தேய்மானம், இன்ஷூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் ஏறின. சும்மா நின்றாலும் வண்டிக்கு வயதாகிறதே, அதற்கொரு தொகை. ஷெட் கூரைக்கு ஒரு தொகை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடும் நேரத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

மத்தியானம் தீர்ப்பு வந்தது.

"மணிக்கு ஆயிரத்து நூறு! டிராக்டர் வாங்கினோம்னு நெனச்சேன், யானையில்ல வாங்கியிருக்கோம்! வாடகை வண்டி என்ன விலைக்குக் கிடைக்கும்?"

"கேட்டுட்டு வரேங்க" என்று வெளியே போனவள், போன வேகத்தில் திரும்பினாள். "மணிக்கு எண்ணூறாம். டீசல், டிரைவர் எல்லாம் சேர்த்து."

"பார்த்தியா! மணிக்கு முந்நூறு மிச்சம். அஞ்சு மணி நேர வேலைக்கு நாலாயிரம், இந்தா பிடி. நம்மளத வித்துடலாம். சனிக்கிழமை புரோக்கர வரச் சொல்றேன்."

"அவசரப்படாதீங்க. அதை யாருக்காவது வாடகைக்கு விட்டா?"

"இந்த யானைய எவன் எடுப்பான்? சரி, சனிக்கிழமைக்குள்ள எவனாவது காசு குடுத்து எடுத்தான்னா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா வித்தாச்சு. அப்புறம் மறுபேச்சு கிடையாது."

மறுநாள் காலையில் வயல் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் போய்ப் பார்க்கவில்லை. தான் ஒரு மணி நேரம் வரப்பில் நடந்தால் ஐந்நூறு நஷ்டம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டார்.

"கேட்டியா அந்தச் சத்தத்த? என்ன ஒரு நிதானம்! வாடகை வண்டின்னாலும் ஒழுங்கா வச்சிருக்கான். நம்மளதா இருந்தா இந்நேரம் இருமியே ஊரைக் கூட்டியிருக்கும்."

"ஆமாங்க" என்று மனைவி தேநீரை நீட்டினாள்.

"டிரைவரும் கெட்டிக்காரன். நம்ம தூங்குமூஞ்சி எங்க, ஆளையே காணோம்?"

"வயல் பக்கம்தான் போயிருக்கான்."

"போகட்டும், போகட்டும். நல்லா ஓட்டுறது எப்படின்னு பார்த்துக் கத்துக்கட்டும்!"

மாலைக்குள் நிலம் முழுவதும் உழுது முடிந்தது. மனைவி வந்து மேசைமேல் நாலாயிரத்தை வைத்தாள்.

"என்ன இது?"

"நம்ம வண்டிய வாடகைக்கு விட்டேங்க. மணிக்கு எண்ணூறு, அஞ்சு மணி நேரம்."

கணக்குப்புலி ஐந்நூறு நஷ்டத்தையும் மறந்து துள்ளி எழுந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லாரி போனதிலிருந்து ஷெட்டில் அது நின்ற காலி இடத்தைப் பார்க்க அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

"விக்க வேண்டாம்! புரோக்கர வர வேண்டாம்னு சொல்லிடு. ஆமா, எவன் அந்த ஏமாளி? கேட்டதும் எண்ணூறு எடுத்து நீட்டியிருக்கானே!"

"நீங்கதாங்க. நேத்து நீங்க குடுத்த அதே நோட்டுதான் இது. நம்ம நிலத்த உழுதது நம்ம வண்டி, ஓட்டினது நம்ம டிரைவர்."

அவர் அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு கால்குலேட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, எண்ணூறுக்கா விட்ட? ஆயிரம் கேட்டிருந்தாலும் நான் குடுத்திருப்பேனே!"