காலியாக விட்ட கட்டம்

"ஓடுற வண்டிய எவனாவது நடுரோட்டுல பிரிச்சுப் போடுவானா?"

மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் துணைத் தலைவர் இன்னாசிராஜ் இப்படிக் கேட்டதும் எல்லாரும் லூர்து பிரகாஷைத்தான் பார்த்தார்கள்.

பிரகாஷுக்குச் சிதம்பரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். பங்கிலுள்ள நானூறு குடும்பங்களையும் வெப்சைட்டில் ஏற்றித் தருகிறேன் என்று அவனாகத்தான் முன்வந்தான். சொன்னபடி முடித்தும் விட்டான். வருகிற ஞாயிறு திறப்பு என்று பூசையிலேயே அறிவித்தாயிற்று.

இப்போது வந்து, உள்ளே முழுக்க மாற்றணும், ஒரு மாசம் வேணும் என்கிறான்.

"அதுல என்னப்பா குறை?" என்றார் பங்குச் சாமியார்.

"இப்ப இருக்கிறது டேபிள் ஃபாதர். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம். சேத்தியாத்தோப்புலேருந்து வந்து சித்தி வீட்டுல வளர்ற புள்ள ஒண்ணு இருக்கு. அத எந்தக் கட்டத்துல எழுதுறது? கிராஃப் டேட்டாபேஸுக்கு மாத்திட்டா கட்டமே கிடையாது. ஆளு ஒரு புள்ளி, உறவு ஒரு கோடு. அவ்ளோதான்."

"ஒரு புள்ளைக்காக நானூறு குடும்பம் காத்துக் கெடக்கணுமா?" என்றார் இன்னாசிராஜ். "புதுசா எதையோ படிச்சிருக்கான் ஃபாதர். அதப் போட்டுப் பாக்க நம்ம பங்குதான் கெடச்சுது."

"உடுங்க மாமா, கோடு போடச் சொன்னா ரோடே போட்ருவான்" என்றான் பேரவையில் இளையவனான ஆரோக்கிய ஜெகன். கூட்டம் சிரித்தது. பிரகாஷும் சிரித்து வைத்தான். ஆனால் கேட்டதிலிருந்து இறங்கவில்லை. கடைசியில் திருவிழா ஞாயிறு வரைக்கும் சாமியார் தவணை கொடுத்தார்.

இன்னாசிராஜுக்கு ஆறவில்லை. மஞ்சக்குப்பம் கவர்மென்ட் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் படிவங்களோடு வாழ்ந்தவர். வெப்சைட்டுக்காக வீடு வீடாகக் கொடுத்த குடும்பப் படிவத்தைத் தயார் செய்ததும் அவர்தான். 'எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது' என்று அடியில் கோடிட்டுப் போட்டதும் அவர்தான்.

ஆனால் அவர் வீட்டுப் படிவத்திலேயே ஒரு கட்டம் காலி.

மகள் ஜோதி மேரி, சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தவள், ஆறு மாதத்துக்கு முன்னால் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. பங்கில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம், "எனக்கு ஒடம்பு முடியல, பாத்துக்க வந்திருக்கு" என்று சொல்லிவைத்திருந்தார்.

படிவம் நிரப்பிய அன்று 'கணவர் பெயர்' என்ற இடத்தில் அவள் பேனாவை வைக்கவே இல்லை.

"எழுதிடும்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"பொய் எழுத முடியாதுப்பா. கோயிலுக்குக் குடுக்கிறது."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்து, மற்ற தாள்களுக்கு நடுவே செருகிக் கொடுத்துவிட்டு வந்தார். வெப்சைட்டில் அவரவர் குடும்பத்தை அவரவர்தானே பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

திருவிழா ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் ஜனம் நின்றது.

"மொதல்ல நம்ம துணைத் தலைவர் குடும்பத்தப் போடுப்பா" என்றார் சாமியார்.

இன்னாசிராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார். இது அவர் நினைத்தே பார்க்காதது. பக்கத்தில் ஜோதி மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஜெபமாலையைப் பற்றிக்கொண்டார். 'மாதாவே, இந்த ஊரு முன்னாடி எம்புள்ளயத் தலகுனிய வச்சிடாத.'

திரையில் வட்டங்கள் வந்தன. இன்னாசிராஜ். அதிலிருந்து ஒரு கோடு: மகள், ஜோதி மேரி. அவளிடமிருந்து ஒரு கோடு: குழந்தை, ஆரோக்கிய ஜெனிபர். குழந்தையிடமிருந்து இன்னொன்று: ஞானஸ்நானத்தின்போது ஏந்திய ஞானத்தாய், ஆரோக்கிய ராணி. ஜோதி மேரியிடமிருந்து பாடகர் குழுவுக்கு ஒன்று, அங்கிருந்து பதினோரு பேருக்குப் பதினோரு கோடு. திரை நிறைந்துபோனது.

காலி இடம் என்று ஒன்று அதில் எங்குமே இல்லை.

"பரவால்லியே, ஒங்க பொண்ணுக்கு இத்தன பேரா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள். கைதட்டினார்கள். அடுத்த குடும்பம் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் இன்னாசிராஜுக்கு மூச்சு சீராக வந்தது.

"மாதா காப்பாத்துனாங்கம்மா. அந்தப் பய தான் படிச்சதக் காட்டணும்னு என்னமோ மாத்தப் போயி, நாம தப்பிச்சோம். அவனுக்கா இதெல்லாம் தெரியப் போவுது?"

ஜோதி மேரி நடையை மெதுவாக்கினாள்.

"அவருக்குத் தெரியும்ப்பா. கேஸ் வாய்தாவுக்குப் போன அன்னிக்கு, சிதம்பரம் பஸ்ஸுல எம்பக்கத்துல வந்து நின்னாரு. ஒங்க பேரவைக் கூட்டத்துக்கு முந்தின நாளு."

"என்ன கேட்டான்?"

"'அக்கா, பழைய டேபிள்ள ஒங்க பேரத் தொறந்தா ஒரு கட்டம் காலியா, செவப்பா நிக்குது. வேற மாதிரி செய்யப் போறேன். ஒங்களுக்கு யாரு யாரு இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. யாரு இல்லன்னு நான் கேக்கல.'"