விளக்கெண்ணெய்

"எனக்குச் சாதாரண ஆயிலே போதும்" என்றாள் நீலக் கார்க்காரி.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மேடம், ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க. மூணு மாசம் ஆனா வந்து நிக்கறீங்க. நானும் ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன். இன்னிக்காவது கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

"சொல்லுங்களேன்" என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாவிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிடுச்சு விளக்கெண்ணெய்!"

வேலையில் தம்பி கெட்டிக்காரன்தான். ஆனால் எண்ணெயைப் பற்றி விளக்காமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டான். விளக்கம் பாதி, எண்ணெய் பாதி என்று அக்கா வைத்த பெயர் அது. அந்தச் சொல்லுக்கு ஊர் உலகத்தில் இருக்கிற இன்னொரு அர்த்தத்தையும் சேர்த்தேதான் வைத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவாள்.

இன்றைக்கு அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நாற்பதை நெருங்குகிற தம்பி எந்தப் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இந்த நீலக் கார் வருகிற நாளில் மட்டும் காலையிலேயே நகக்கண்ணில் இருக்கும் கறுப்பைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறான். இஸ்திரி போட்ட சட்டை மாட்டுகிறான். சாதாரண ஆயில் என்றால் அவள் மூன்று மாதத்தில் மறுபடி வருவாள். தம்பி போடச் சொல்கிற சிந்தட்டிக் இன்ஜின் ஆயில் என்றால் ஒரு வருஷம் கழித்துத்தான். தானாக வருகிறவளை வராதே என்று இவனே வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அக்கா எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

அவன் இரண்டு டப்பாக்களை எடுத்து வந்தான். ஒன்றில் பெரிதும் சிறிதுமாகப் பழைய நட்டுகள். இன்னொன்றில் ஒரே அளவில் பால்ரஸ் குண்டுகள்.

"பூமியிலேர்ந்து எடுத்துச் சுத்தம் பண்றது சாதாரண ஆயில். உள்ள இருக்கற துகள் இப்படித்தான், ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு." நட்டு டப்பாவைக் குலுக்கினான். காது கிழிந்தது. "சிந்தட்டிக் ஆயில் அளந்து செய்யறது. எல்லாம் ஒரே மாதிரி. எப்படி வழுக்கிட்டு ஓடுது பாருங்க."

"நைலான் சட்டை மாதிரியா? இன்ஜினுக்குப் புழுங்காதா?"

"புழுங்காது மேடம்" என்றான் அவன், சிரிக்காமல். "எவ்வளவு சூடானாலும் தாங்கும்."

"அப்போ சூட்டுல பாகுநிலை ரொம்பக் குறையாதுங்கறீங்க?"

"பாகா? சர்க்கரைப் பாகு இல்ல மேடம், இது ஆயில்."

"ஓ!" என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சாதாரண ஆயில் ஒண்ணும் மட்டம் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் வண்டி இருபது வருஷமா அதுலதான் ஓடுது."

"அக்கா, நீ சும்மா இரு! மேடம், மீட்டரைப் பார்த்தேன். போன தடவைக்கு அப்புறம் ஓடினதே நானூத்தி இருபது கிலோமீட்டர். ஆயில் இன்னும் தேன் மாதிரி இருக்கு. அதை வடிச்சு எடுக்க எனக்கு மனசே வரல. சிந்தட்டிக் போட்டுட்டா வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

"ஒரு வருஷமா?" அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பால்ரஸ் குண்டுகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். "இதுக்கு மேல என்ன சொல்லி மறுக்கறதுன்னு தெரியல. சரி, சிந்தட்டிக்கே ஊத்திடுங்க."

ஜெயித்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா அவனைக் காருக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "புத்தி இருக்காடா உனக்கு? இனிமே ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டா!"

"தெரியும்க்கா. வருஷத்துல நாலு நாள்தான் எனக்கு நல்ல நாளே. அதுல மூணு போச்சு." அவன் காலையில் தேய்த்த நகங்களைப் பார்த்துக்கொண்டான். "அதுக்காக நம்பி வந்தவங்ககிட்ட எப்படிக்கா பொய் சொல்றது?"

அக்கா போய்ப் புது ஆயில் டப்பாவை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

எண்ணெயை ஊற்றி மூடியைத் திருகினான். அடுத்த தேதியைக் குறிக்க சர்வீஸ் புத்தகம் வேண்டும். எப்போதும் அவளே எடுத்துத் தருவாள். இன்று அவள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததால், அவனே காருக்குள் குனிந்து முன் சீட்டுக்கு எதிரே இருந்த டிராயரைத் திறந்தான். தடித்த புத்தகம் ஒன்று காலடியில் விழுந்தது. பொறியியல் கல்லூரிப் பாடநூல். அட்டை முழுக்க ஒரே ஒரு எண்ணெய்ச் சொட்டு வரைந்திருந்தது. திருப்பினான். பின்னட்டையில், அதை எழுதிய பேராசிரியரின் படம் இருந்தது.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் நீலக் கார்க்காரி.

அவன் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "இது... நீங்க எழுதினதா? அப்போ சிந்தட்டிக்தான் நல்லதுன்னு உங்களுக்கு..."

"ஏழாவது அத்தியாயம்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"அப்புறம் எதுக்கு மேடம் ரெண்டு வருஷமா சாதாரண ஆயிலுக்கு வந்தீங்க?"

"சாதாரண ஆயிலுக்கு யார் வந்தா?" அவள் அக்காவை ஒரு முறை பார்த்தாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "நான் விளக்கெண்ணெய்க்குத்தானே வந்தேன்!"