ஓவர் சொல்லாத பேச்சு

புயல் செல்போன் கோபுரத்தைச் சாய்த்த நாளிலிருந்து பூசி ஆற்றின் வெள்ள அளவை வயர்லெஸ்ஸில்தான் சொல்கிறோம். மேல்துறையில் காஸ்டிகோ, கீழ்த்துறையில் நான். தினமும் காலை ஆறு மணிக்கு நகரத்து நிலையத்திலிருந்து ஃபெலிஸ்மினா எங்களைக் கூப்பிடுவாள்.

"செஃபானியாஸ், அளவ மட்டும் சொல்லு. ஓவர்." என்னோடு அவள் பேச்சு அவ்வளவுதான்.

காஸ்டிகோவிடம் பேசும்போது மட்டும் பேச்சை முடிக்கும் அந்த 'ஓவர்' அவளுக்கு மறந்துபோகும். "கஞ்சி குடிச்சியா? இல்ல, இன்னிக்கும் அவிச்ச மரவள்ளிதானா?" ஊரே தண்ணீருக்குப் பயந்து கிடக்கும்போது இது என்ன கேள்வி?

நேற்று மாலை மேல்துறைக்குப் போய், அவன் படகைக் கட்டப் போன சமயம் பார்த்து, அவன் வயர்லெஸ்ஸின் ஒரே பேட்டரியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

இன்று ஆறு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அவன் பதில் சொன்னான்.

"மேல்துறை. ஒம்பது மீட்டர் நாப்பது."

எங்கள் அளவுக்கம்பங்களில் எட்டு மீட்டருக்கு மேல் எண்ணே கிடையாது.

"புளுகாத! கம்பத்து உச்சியில ஏறி நின்னு அளந்தியாக்கும்?" என்று அவள் சிரித்தாள்.

"கம்பம் எங்க இருக்கு? எல்லாம் தண்ணிதான். செஃபானியாஸ மேட்டுக்குப் போகச் சொல்லு. மத்தியானத்துக்குள்ள அங்க வந்துடும்."

"அவன் கெடக்கான். நீ சாப்டியா?"

அப்போதும் அவள் ஓவர் சொல்லவில்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

அப்புறம்தான் தொடை சுட்டது. கால்சட்டைப் பையில் அவன் பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் பேசினால் மட்டுமே அது அப்படிச் சூடேறும்.